பண்டாரவளைக்கு ஏறி வந்த கடல்

தம்பிமாரே, பட்டறையில் நீங்கள் சாமான் தெரிவு செய்கிற விதத்தை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு ஓய்வு என்று பெயர். என் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. ஒருவர் வந்து, வீட்டில் சின்னதாக ஓர் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைக்கவேண்டும், என்னென்ன வாங்கலாம் என்று கேட்கிறார். உடனே நீங்கள் படம் போட்ட புத்தகத்தைப் பிரித்து, எது பளபளக்கிறதோ, எதில் விசை அதிகமோ அதன்மேல் விரலை வைக்கிறீர்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். நானும் அப்படி விரல் வைத்தவன்தான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கேட்டபிறகு நீங்கள் எதை விற்றாலும் சரி.

ஊவா மலையில் உயிருள்ள கடல்மீனை முதன்முதலில் வைத்துக் காட்டியவன் நான். இல்லை என்று சொல்ல ஆள் இருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் தேயிலைக் கொழுந்து குறைந்த மாதங்களில் மட்டும். பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவனாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்து, முப்பது வயதுக்குள் தலைமைப் பிட்டர் ஆனேன். எஞ்சின் இருமினால் எந்த இடத்தில் சளி என்று வாசலில் நின்றே சொல்லுவேன். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் கார் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கார், தம்பிமாரே, லொறியில்லை.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கொரு ஆசை வந்தது. பண்டாரவளைப் பட்டணத்தில் சொந்தமாக ஒரு பட்டறை. கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறையையும் பேசி வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை.

“பிட்டர், உம்மாலை ஏலுமெண்டால் சொல்லும், ஏலாதெண்டால் இப்பவே சொல்லிப்போடும். கடல் எண்டால் என்னெண்டு வகுப்பிலை கேட்டன். ஒரு பெடியன் எழும்பிச் சொல்லுறான், பதுளை ஓயா ஆறு மாதிரி, ஆனால் கொஞ்சம் பெரிசாம்!”

“கொஞ்சந்தான் மாஸ்டர் பெருசு” என்றேன். நானும் அதுவரை கடலைக் கண்டதில்லை. அதை அவரிடம் சொல்லுவேனா?

“பகிடி விடாதையும். அஞ்சு கிழமையிலை பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சி. சனிக்கிழமை. சின்னதா ஒரு தொட்டி, அதுக்குள்ளை கடல் தண்ணி, உயிர் மீன். என்னென்ன சாமான் வேணுமோ நீரே தெரிவு செய்யும்.”

“சொல்லிட்டீங்கல்ல மாஸ்டர், முடிஞ்சிருச்சுன்னு வச்சுக்கங்க.”

இதுதான் என் முதல் சொந்த வேலை என்று அன்றே துரையிடம் போய் விலகல் சொன்னேன். வெள்ளைக்காரத் துரை. தோட்டத்துத் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

“நல்லது, போ. ஆனா ஒண்ணு, பிட்டர். அந்தக் கண்ணாடிப் பொட்டிய நான் வந்து பாப்பேன். சனிக்கிழமை மீன் உசுரோட இருந்தா, உன் கடைக்கு நீ போ. செத்துக் கெடந்தா, திங்கக்கிழமை காலம்பற பெரட்டுக்கு வா. அதுவரைக்கும் வேற பிட்டர் எடுக்க மாட்டேன்.”

பெரட்டு என்றால் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். தலைமைப் பிட்டர் அங்கே நிற்பதில்லை. சொந்தப் பட்டறை போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வந்து அந்த வரிசையில் நின்றால், அதற்குப் பிறகு அவன் சொல்லை எண்ணெய்க்காரப் பையனும் கேட்கமாட்டான். பந்தயம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் சிரித்துக்கொண்டே வந்தேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இனி நான் செய்த தொட்டியைக் கேளுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் வளர்ந்தவனுக்கு வேதம் ஒன்றுதான். கொழுந்தில் இரும்பு படக்கூடாது. பட்டால் சாறு கறுத்துவிடும், துரை வெளுத்துவிடுவார். அதனால்தான் கொழுந்து உருட்டுகிற மேசைக்குப் பித்தளை போர்த்தியிருக்கும். இரும்பு அழுக்கு, பித்தளை சுத்தம். இதை என் எலும்பிலேயே எழுதி வைத்திருந்தேன். ஆகவே கண்ணாடிகளைப் பிடிக்கப் பித்தளைச் சட்டம். அடியில் தண்ணீர் திறக்கப் பித்தளைக் குழாய். பண்டாரவளைக் குளிரில் கடல்மீன் விறைத்துப்போகும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதற்காகச் செம்புக் குழாயைச் சுருள்சுருளாக வளைத்துத் தொட்டிக்குள் இறக்கி, வெளியிலிருந்து சுடுதண்ணீர் ஓட வைத்தேன். எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். கதிர்காமத்துக்குக் காவடி எடுத்துப்போவது போல நாலுபேர் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வழியில் ஜனங்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஓர் ஆள் கும்பிடவும் செய்தான்.

கடல் தண்ணீருக்கு ஒரு கருவாட்டு லொறியைப் பிடித்தேன். அது பொத்துவில் கரையிலிருந்து லுணுகலை ஏற்றம் ஏறிப் பதுளைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தைக்கும் வரும். டிரைவர் கரையூரைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆசிட் வருகிற பெரிய கண்ணாடி ஜாடிகள் உண்டல்லவா, பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்திருக்குமே, அவற்றை நன்றாகக் கழுவி நானாவிடம் கொடுத்துவிட்டேன். ஜாடிகளில் கடலும் ஒரு மண்பானையில் மீனுமாக வந்து இறங்கினார். கோடு போட்ட குட்டி மீன் நாலு, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு இரண்டு, கொஞ்சம் கூனி இறால்.

“என்ன நானா, மண்பானையிலயா கொண்டாறது? நம்ம பித்தளையப் பாருங்க, ராசா வீடு மாதிரி!”

அவர் சட்டத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் சந்தைக்காரன் கருவாட்டுக்குக் கத்தினான். அவர் போய்விட்டார். அந்த வாயை மூடவிட்டது என் முதல் பிழை.

மறுநாள் பகல் இறால் எல்லாம் மல்லாந்துவிட்டது. நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து அம்மணமாகக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை மாஸ்டர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் நாலு மீனும் மேலே மிதக்கின்றன. தொட்டி மட்டும் தகதகவென்று மின்னுகிறது.

“குளிர்தான் மாஸ்டர்” என்றேன். “நாளைக்கே இன்னும் நாலு சுத்து செம்பு போடுறேன்.”

தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற சாமான்மேல் சந்தேகம் வராமல், அதே சாமானை இன்னும் கொஞ்சம் போடலாம் என்று தோன்றுகிறதே, அப்போது ஒருவன் உங்களைப் பிடித்து உட்கார வைக்கவேண்டும். என்னை உட்கார வைத்தவர் நானா. அடுத்த ஞாயிறு லொறியை நிறுத்திவிட்டு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குழாயின் கழுத்தில் பச்சையாகப் பிடித்திருந்ததை நகத்தால் சுரண்டினார்.

“தம்பி, ஒங்கட ஊட்டுல மோரைப் பித்தளைச் செம்புல வைப்பாங்களா?”

“ஐயையோ, களிம்பு ஏறிருமே நானா.”

“மோருக்கே ஏறும். கடலுக்கு ஏறாதா? உசிரு எறாலப் பித்தளைல போட்டா, நாங்க ஒரு பீடி குடிச்சு முடியிறதுக்குள்ள மல்லாக்கும். அதான் பானைல கொண்டாந்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“எங்க சொல்ல உட்டீங்க? ராசா வீடு எண்டீங்க. ராசா வீட்டுல கருவாட்டுக்காரன் என்னத்தக் கதைக்கிற?”

எனக்குக் காது சுட்டது. தேயிலைக்கு உயிரில்லை, அதற்குப் பித்தளை சுத்தம். உயிருள்ளதற்கு அதே பித்தளை விஷம். இருபது வருஷம் தேயிலையைப் பார்த்த கண்ணாலேயே மீனையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த சாமானை எடுத்தேனே தவிர, மீனுக்கு வேண்டிய சாமானை எடுக்கவில்லை.

பொருட்காட்சிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. நானா அடுத்த ஞாயிறுதான் மறுபடி வருவார். அதற்குள் உலோகமே படாத தொட்டி வேண்டும். இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். ஈயமும் வேண்டாம் என்றார் மாஸ்டர். சட்டமில்லாமல் கண்ணாடியை எதால் பிடிப்பது? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வீட்டில் என் சம்சாரம், “பெரட்டுக்குப் போக ஒங்க கம்பளிய வெயில்ல போடட்டுமாங்க?” என்று கேட்டாள். அவள் கேலி செய்தாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் சட்டென்று நினைவு வந்தது. பங்களாவுக்கு லைட்டு எரிய பேட்டரி வரிசை ஒன்று உண்டு. ஒவ்வொரு பேட்டரியும் ஒரே வார்ப்பில் செய்த தடித்த கண்ணாடி ஜாடி. ஒட்டும் கிடையாது, சட்டமும் கிடையாது. அதில் பெரியது ஒன்று, ஆசிட்டே படாத புதுசு, தொழிற்சாலை ஸ்டோரில் வைக்கோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் அதைத் துரையிடம் போய்க் கேட்கவேண்டும். பந்தயம் கட்டியவரிடமே போய்க் கையேந்துவதா? பங்களாப் படியை இரண்டு தரம் பாதி ஏறி இறங்கினேன். மூன்றாம் தரம், மானம் பெரிதா மீன் பெரிதா என்று கேட்டுக்கொண்டு மேலே போய்விட்டேன்.

துரை சிரித்தார். “ஜாடி எடுத்துக்கோ. திங்கக்கிழமை பெரட்டு ஆறு மணிக்கு. மறந்துராத.”

ஜாடியைக் கொண்டுவந்து வைத்தபோது எனக்கே அழுகை வந்தது. பச்சை நிறக் கண்ணாடி, மேலே கொஞ்சம் நெளிவு. என் கை வேலை என்று சொல்ல அதில் ஒரு திருகாணிகூட இல்லை. பட்டறை போடப் போகிற பிட்டரின் முதல் வேலை ஒரு காலி ஜாடி! மாஸ்டர் ஆறுதலாக, “நல்ல தெளிவாத்தான் கிடக்கு” என்றார். அதுவே குத்தியது.

குளிருக்குச் செம்பு வேண்டாம். தக்கை அடைத்த கண்ணாடிப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி உள்ளே நிறுத்தினால் போதும், ஆறினால் மாற்றிக்கொள்ளலாம். காற்றுக்கு, நானா முந்தின ஞாயிறு விட்டுப்போயிருந்த ஒரு பழைய லொறி டியூப்பை எடுத்து, கால் பம்பால் ஊதி வைத்து, டிஸ்பென்சரி ரப்பர்க் குழாய் வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டேன். ஆனால் காற்று பெரிய பெரிய குமிழாகத் தவளை கத்துகிற மாதிரி வந்தது. பொடிப்பொடியாகப் பிரிக்க எதையாவது குழாய் வாயில் செருகவேண்டும். கல், பஞ்சு, தேங்காய்த் தும்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. கண்ணைச் சுழற்றினேன். மாஸ்டரின் மேசைமேல் அவருடைய பிரம்பு கிடந்தது. ஒரு நுனியை வாயில் வைத்து மறு நுனியைத் தண்ணீரில் விட்டு ஊதினேன். மாவு சலித்த மாதிரிக் குமிழ்!

“மாஸ்டர், பிரம்புக்குள்ள மயிர்க்கணக்கா ஓட்டை இருக்கு. ரெண்டு அங்குலம் வெட்டிக்கட்டுமா?”

“என்ரை பிரம்பையோ? யாழ்ப்பாணத்திலையிருந்து கொண்டந்தது, காணும்!”

“மீனு மூச்சு விடுறதுக்கு மாஸ்டர்.”

அவர் பிரம்பைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். “சரி, வெட்டும். இவ்வளவு நாளும் அதாலை ஒருத்தருக்கும் மூச்சு வந்ததில்லை.” ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் கைதட்டிய சத்தம் ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிறு நானா நாலு ஜாடி கடலும் ஐந்து மீனும் இரண்டு நண்டும் கொண்டுவந்தார். இரண்டு ஜாடித் தண்ணீர் தொட்டிக்குப் போனது. மற்ற இரண்டையும் பூட்டி வைத்தேன். தொட்டித் தண்ணீர் கலங்கினால் பாதியை மாற்றவேண்டும், மாற்றத் தண்ணீர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை பெரட்டுதான். திங்கள் போனது, புதன் போனது, வெள்ளியும் போனது. ஐந்தும் உயிரோடு சுற்றின. நண்டு தன் சங்கோடு மணலில் உலாவியது.

சனிக்கிழமை. பட்டணத்து ஜனங்கள் மட்டும் வருவார்கள் என்று நினைத்தோம். பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். விஞ்ஞான அறைக்குள் மூச்சுவிட இடமில்லை.

“இதுவா கடலு? நீலமா இருக்கும்னாங்களே?”

“நீலத்த மாஸ்டரு வடிகட்டிட்டாரு போல.”

“பிட்டரே, மலையிலேருந்து வடியிற நம்ம பீலித் தண்ணிய ஊத்தி வச்சுட்டு ஊர ஏமாத்துறீங்களா? மீனு வேணா கடலு, தண்ணி நம்ம தண்ணிதான்!”

ஒரே சிரிப்பு. சிரித்த கையோடு ஒருவர் விரலை நீட்டினார், தொட்டு நக்கிப் பார்க்க. நீட்டிய விரலின் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பு! நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவரைத் தடுக்கலாம். இருநூறு விரலை எப்படித் தடுப்பது? அறையைப் பூட்டலாம் என்று மாஸ்டர் என் காதில் சொன்னார். அது நல்ல யோசனைதான். துரை வரும்வரை பூட்டி வைத்தால் மீனுக்கும் பயமில்லை, எனக்கும் பயமில்லை.

அப்போது கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தி, தலையில் முக்காட்டோடு, கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள்.

“தம்பி, எங்க அண்ணன் போன வருசம் தலைமன்னார்ல கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டாரு. காயிதம் போட்டாரு. வழியெல்லாம் தண்ணி, வாயில வச்சா கரிக்குதுன்னு. அந்தத் தண்ணிதானா இது?”

“எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்த தண்ணிதாங்க அக்கா.”

“நெசமா? ஒரு சொட்டுக் குடேன்.”

நான் சாவியை எடுத்தேன். “பிட்டர், அது மாத்துறதுக்கு வைச்ச தண்ணி!” என்று மாஸ்டர் கையைப் பிடித்தார். எனக்கும் தெரியும். ஆனால் கடலைக் கொண்டுவந்து, பார், தொடாதே என்று பூட்டி வைப்பதற்கா ஐந்து வாரம் உழைத்தேன்? ஜாடியைச் சாய்த்து அவள் உள்ளங்கையில் ஊற்றினேன். நாக்கில் வைத்தாள். முகம் கோணியது, கண் கலங்கியது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஐயே, கரிக்குது! கஞ்சிக்கு உப்பே வேணாம்!”

அவ்வளவுதான். வரிசை முற்றம்வரை போய்விட்டது. எல்லாரும் கையை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள், கோயில் தீர்த்தம் மாதிரி. பீலித் தண்ணீர் என்று சொன்ன ஆள் இரண்டு தரம் வந்தார். முதல் ஜாடி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது.

ஊற்றுகிற மும்முரத்தில் டியூப்பை மறந்துவிட்டேன். மாஸ்டர்தான் கத்தினார். திரும்பினால் டியூப் தோசை மாதிரிப் படுத்திருக்கிறது, ஐந்து மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அறையில் அத்தனை பேருடைய சூடு வேறு. மாற்றத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. முதலில் உள்ளே இருந்த சுடுதண்ணீர்ப் போத்தல்களை வெளியே எடுத்தேன். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். அதுவரை குளிருக்குப் பயந்தவன், இப்போது பண்டாரவளைக் காற்றை உள்ளே கூப்பிட்டேன். பிறகு காலைப் பம்பில் வைத்தேன். டியூப்பின் வாயில் கசிவு, அடித்த காற்று உள்ளே நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். பொருட்காட்சிக்கென்று போட்டு வந்த புதுக் கோட்டைக் கழற்றிவிட்டு அடித்தேன். “பிட்டர் எங்க ஓடுறாரு?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். “பொத்துவிலுக்கு” என்றான் இன்னொருத்தன். சிரிக்கக்கூட எனக்கு மூச்சில்லை. ஒரு மீன் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்தார். கூட்டம் வழிவிட்டது. பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்து. கடைசி மீனும் அடிக்குப் போய் நண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

“பிட்டர், இது என் ஜாடி.”

“ஆமாங்க தொரை.” நான் பம்பை நிறுத்தவில்லை.

“டியூப்பு லொறியோடது. குமிழு மாஸ்டர் பிரம்பு. உன் வேலை எங்க?”

“எதை வைக்கணும், எதை வைக்கக்கூடாதுன்னு பொறுக்குனதுதாங்க என் வேலை. வைக்கக்கூடாதது வெளிய கெடக்கு, பித்தளையில, பளபளன்னு.”

துரை ஜன்னல் வழியாக எட்டி, முற்றத்தில் கிடந்த என் ராசா வீட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஈரக் கையோடு சுற்றி நின்ற தன் தோட்டத்து ஆட்களையும் பார்த்தார். மீசைக்குள்ளே ஏதோ அசைந்தது.

“சரி. அப்ப திங்கக்கிழமை நீ பெரட்டுக்கு வரல்ல?”

காலை எடுக்காமலே சொன்னேன்: “எங்கங்க தொரை நேரம்? திங்கக்கிழமை நான் கடலுக்குப் போகணும். இருந்தத எல்லாம் ஒங்க ஆளுங்க குடிச்சுத் தீத்துட்டாங்க.”